தொரை வாய் திறக்காத நாட்கள்

ஜூன் 16, 2009, செவ்வாய்

மூன்று வருடம் கழித்து மறுபடியும் பிரெய்ல் பலகை, ஊசி, தடித்தாள். பத்து வரி குத்துவதற்குள் விரல் கன்றிப்போயிற்று. வேறு வழியில்லை. கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது. ஊமையாக்கியது வேறு யாருமில்லை, நான்தான்.

திரையில் இருப்பதை எனக்கு வாசித்துச் சொல்கிற குரல் ஒன்று அதில் இருந்தது. வெள்ளைக்காரன் மாதிரி இங்கிலீஷ் பேசியதால் அம்மா அவனுக்குத் தொரை என்று பெயர் வைத்திருந்தாள். குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போகும் முன் சீனு அண்ணன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, தொரையையும் குடிவைத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பேராசை வந்தது. சென்னை விடுதியில் என்னோடு படித்த ரூபா ஒரு சிடி அனுப்பியிருந்தாள். அதில் புதுக் குரல், தமிழும் வாசிக்குமாம். பழசை முதலில் எடுத்துவிட வேண்டும் என்று குறிப்பு இருந்தது. எடுத்தேன். புதுசைப் போட்டேன். கம்ப்யூட்டர் நினைவில் இன்னும் மிச்சமிருந்த தொரை, முடிந்தது என்று இங்கிலீஷில் சொன்னான். அணைத்துப் போட்டேன். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

பாட்டுப் போட்டால் பாடுகிறது. வாசிக்க மட்டும் மாட்டேன் என்கிறது.

ஜூலை 6, திங்கள்கிழமை நான் திருச்சானூரில் வேலைக்குப் போய் நிற்க வேண்டும். அங்கே நான்கு லாட்ஜுகளுக்குச் சேர்த்து ஒரே இடத்தில் போனில் ரூம் புக்கிங் எடுக்கிறார்கள். பொறுப்பாளர் பிரேமலதா மேடம் போனிலேயே என்னைப் பேசவைத்துக் கேட்டார். "தமிழும் வருது, தெலுகும் வருது, குரலும் நல்லா இருக்கும்மா. ஆனா கண்ணு தெரியாம எப்படி டைப் பண்ணுவே? உன் பேசற கம்ப்யூட்டரையே எடுத்துட்டு வா. ஒரு வாரம் பாக்கலாம்" என்றார்.

பேசுகிற கம்ப்யூட்டர். எங்கே போவேன் அதற்கு?

ஜூன் 17

அணைத்து அணைத்துப் போட்டேன். இல்லை.

ஜூன் 18, வியாழன்

சித்தூர் பக்கம் எங்கள் ஊரான குடிபாலாவில் இப்போது பகலில் கரண்ட் பத்து மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போகிறது. அதற்குள் எல்லாம் செய்ய வேண்டும்.

தெருவில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். யாரையும் கூப்பிட வேண்டாம் என்று நான்தான் அம்மாவிடம் சொன்னேன். வேலை கிடைப்பதற்கு முன்னால் விஷயம் வெளியே போனால், "கண்ணு தெரியாததுக்கு வேலையா" என்று ஆளாளுக்குத் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். பதினோரு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனதிலிருந்து அந்தக் குரல்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஆனால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எப்படிச் சரிசெய்வது? அம்மாவுக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது.

"எழுத்து தெரியலன்னா இன்னா? கண்ணு தெரியுது இல்ல. அது எப்டி கீதோ அப்டியே ஒங்கையில போடறன்" என்றாள்.

தொரையைக் கையால் எழுப்புகிற கட்டளையைக் கறுப்புத் திரையில் அடித்தேன். ஒரு வரி வந்திருக்கிறது என்றாள். என் உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு விரலால் கீற ஆரம்பித்தாள். ஆறாம் வகுப்பு வரை கண்ணால் படித்தவள் நான், இங்கிலீஷ் எழுத்துகளின் உருவம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"ஒரு குச்சி. அப்பறம் ஒரு சின்ன குச்சி, மேல பொட்டு. அப்பறம் குச்சிக்கு வவுறு தள்ளிக்கினு கீது."

"வயிறு எந்தப் பக்கம்?"

"சோத்துக்கை பக்கம்."

இப்படியே ஒரே வரிக்கு ஒன்றரை மணி நேரம். நடுவில் அடுப்பில் பருப்பு தீய்ந்தது. "இன்னா எழுத்துடி இது, கோழி கிளறி வுட்டாப்புல" என்று அம்மா திட்டிக்கொண்டே கீறினாள். ஒரு எழுத்தைக்கூட விடவில்லை.

வரி புரிந்தது. லிப் என்று தொடங்கி எஸ்ஓ என்று முடிகிற ஒரு கோப்பைத் திறக்க முடியவில்லை. அப்படி ஒரு கோப்பே இல்லை.

அது பொதுக்கோப்பு. ஒவ்வொரு மென்பொருளும் எல்லாவற்றையும் தன்னோடு வைத்துக்கொள்ளாது. தெருவுக்கெல்லாம் ஒரே போர் பம்பு இருப்பது போல, பொதுவில் இருக்கிற கோப்பைப் போய் எடுத்துக்கொள்ளும். அந்தக் கோப்பு இல்லை என்கிறது. பழசை எடுக்கிறேன் என்று அதையும் சேர்த்து அழித்திருக்கிறேன். என் கையாலேயே.

ஜூன் 19, வெள்ளி

குவைத்தில் வெள்ளிதான் அண்ணனுக்கு லீவு. போனில் எப்போதும் போல "தாட்சா, கேக்குதா?" என்றுதான் ஆரம்பித்தான். நான் ஒரே மூச்சில் எல்லாம் சொன்னேன்.

"இல்லன்னு சொல்லுதுன்னா இல்ல, அவ்ளோதான். சித்தூர்ல கன்னையா அண்ணன் கடையில குட்த்து எல்லாத்தையும் அழிச்சி ஃபார்மேட் பண்ணிடு."

"பண்ணிட்டா தொரை?"

"அந்த லினக்ஸ் சிடி எங்க வெச்சேன்னு தெரியலியே தாட்சா. எடுத்துக்கினு வந்தேனான்னும் தெரியல." பிறகு அவனாகவே, "வேல போனா போவட்டும் வுடு. நான் அனுப்பிக்கினுதானே கீறேன். நீ ஏன் கஸ்டப்படணும்?" என்றான்.

பாசத்தில்தான் சொல்கிறான். தெரியும். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு உனக்குக் கல்யாணமாகும். உன் பெண்டாட்டி எடுத்து வைத்தால் சாப்பிட்டு, அவள் கூப்பிட்டால் எழுந்து, எண்பது வயசு வரைக்கும் மூலையில நான் ஒக்காந்துக்கினு இருக்கணுமா? இதை அவனிடம் சொல்லவில்லை. "சரிண்ணா" என்றேன்.

ஜூன் 22, திங்கள்

நைனா கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய போர்வையில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டார். குழந்தைக்கு டிக்கெட் வாங்கலையா என்று கண்டக்டர் கேலி செய்தார். நைனா சிரிக்கவில்லை. மாந்தோப்புக் கூலியை ஒருநாள் விட்டுவிட்டு வந்திருந்தார்.

கன்னையா அண்ணன் கடையில் ஃபேன் சத்தம், ஈயம் உருக்கும் வாசனை. "ஏம்மா, இது லினக்ஸ் கதா? இத யாரு யூஸ் பண்றாங்க இங்க? மொத்தமா ஃபார்மேட் பண்ணி வேற போட்டுத் தரேன். சினிமா, பாட்டு, கேம் அந்தா, எல்லாம் வரும்."

"பேசுமாண்ணா?"

"பேசறது எதுக்கும்மா, ஸ்க்ரீன்ல பாத்தா..." நிறுத்திக்கொண்டார். "பேசறது நா தக்கர லேதம்மா" என்றார், என்னிடம் அது இல்லை என்பதைத் தெலுங்கில் சொன்னால் வலிக்காது என்பது போல.

வியாழக்கிழமை செய்கிறேன் என்றார். சரி என்று பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் சரி என்றேன்?

ஜூன் 23

பேசாத கம்ப்யூட்டரை வைத்து நான் என்ன பண்ணுவேன், பூ வைத்துக் கும்பிடுவேனா? பிரேமலதா மேடத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடலாமா? மூன்று முறை எண்ணை அழுத்திக் கடைசி எண்ணில் நிறுத்தினேன். சாப்பாடு இறங்கவில்லை. அம்மா, "துன்னு, துன்னு" என்கிறாள்.

ஜூன் 24, புதன்

இன்று பெரிய சண்டை.

இந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சாமானும் இடம் மாறக்கூடாது. சொம்பு, சீப்பு, செருப்பு, நைனாவின் பீடிக்கட்டு, எல்லாம் வைத்த இடத்தில்தான் இருக்க வேண்டும். நாலு விரற்கடை நகர்ந்தாலும் எனக்கு அது தொலைந்த மாதிரிதான். மாற்றினால் மாற்றினேன் என்று சொல்லிவிட வேண்டும்.

இன்று செல்லியம்மா அத்தை வருகிறாள் என்று அம்மா வீட்டைப் பெருக்கி ஒழித்திருக்கிறாள். அத்தை போன பிறகு எழுதலாம் என்று அலமாரியின் இரண்டாம் தட்டில் கைவைத்தால் ஊசி இல்லை. தடவினேன். தரையெல்லாம் தவழ்ந்து தடவினேன். பத்து நாள் பயம் எல்லாம் சேர்ந்துகொண்டது.

"போச்சு! அதுவும் போச்சு! இந்த வூட்ல எனக்குன்னு ஒண்ணு வெக்க முடியுதா? தொலைச்சிட்டியா?" என்று கத்தினேன்.

"ஏன்மே கத்தற? எங்கியும் போவல. பெட்டி மேல வெச்சேன், சொல்ல மறந்துட்டேன். நீ கை வெக்கற எடத்துல இல்ல, அதுக்குன்னு இல்லன்னு ஆய்டுமா?"

கையில் ஊசியைத் திணித்துவிட்டுப் போனாள். போகும்போது மூக்கை உறிஞ்சினாள். அழுதிருக்கிறாள். நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ஆறாவது வரியில் கை நின்றுவிட்டது.

அப்படி ஒரு கோப்பே இல்லை என்றுதானே கம்ப்யூட்டர் சொன்னது? அதுவும் என்னை மாதிரிதானே? அதற்குத் தெரிந்த நாலு இடத்தில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, இல்லை, தொலைந்துபோச்சு என்று கத்துகிறது. புதுசைப் போட்டபோது அது வேறு தட்டில் போய் உட்கார்ந்திருந்தால்? யாரும் அதனிடம் சொல்லாமல் இருந்திருந்தால்?

ஐயோ. நாளைக்கு வியாழக்கிழமை.

ஜூன் 25, வியாழன்

முதல் பஸ். நானும் அம்மாவும். கன்னையா அண்ணனுக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. காந்தி சிலையிலிருந்து அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

கடையில் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. கன்னையா அண்ணன் என் பெட்டியை மேஜை மேல் வைத்து ஒயர் சொருகிக்கொண்டிருந்தாராம். "ஆகண்ணா! ஆகு!" என்று வாசலிலேயே கத்தினேன். நிறுத்துங்கள் என்பது பதற்றத்தில் தெலுங்கில்தான் வந்தது.

"ஏமைந்தி, என்னாச்சு? இன்னும் ஆனே பண்ணலையேம்மா" என்றார்.

வேண்டாம், திருப்பிக் கொடுங்கள் என்றேன். காரணம் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். "ஃபைல் இல்லேன்னு அதே சொல்றப்போ, நீ இருக்குன்றே. சரே, பரவாலேது. முயற்சி பண்ணு. வரலேன்னா நான் இருக்கேன்" என்றார். நல்ல மனுஷன். போர்வையை அவரே கட்டிக்கொடுத்தார்.

ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்தால்? பஸ் முழுக்க அதே நினைப்பு.

ஜூன் 26, வெள்ளி

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. ஆனாலும் வரிசையாக எழுத வேண்டும்.

அம்மாவின் கையை வைத்து ஒவ்வொரு தட்டையும் படிக்க முடியாது. ஒவ்வொன்றிலும் ஆயிரம் கோப்பு இருக்கும். கம்ப்யூட்டரே எனக்கு ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும். வாசிக்கத்தான் முடியாது, சத்தம் போட முடியுமே? பாட்டுப் பாடுகிறதே!

அண்ணன் போவதற்கு முன் மைக்கைச் சோதித்துப் பார்க்கப் பதிந்த அவன் குரல் துண்டு ஒன்று என் கோப்புகளில் இருக்கிறது. ஒற்றை எழுத்துப் பெயர் என்பதால் மறக்கவில்லை. ஒரு கட்டளை செய்தேன்: அந்தக் கோப்பு இந்த இடத்தில் இருந்தால், அண்ணனின் ஒலியைப் போடு. இல்லையென்றால் சும்மா இரு.

பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. முதல் இடம். சத்தமில்லை.

இரண்டாவது இடம். சத்தமில்லை.

இல்லை என்கிறதா, நான் தப்பாக அடித்தேனா? கண்டிப்பாக இருக்கிற ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். அண்ணன் பேசினான். கட்டளை சரிதான், கோப்புதான் இல்லை. இன்னும் ஒரே ஒரு இடம்தான் எனக்குத் தெரியும். கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். இதுவும் இல்லையென்றால் கன்னையா அண்ணன் கடைதான். பிறகு மூலைதான்.

ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். தட்டினேன்.

"தாட்சா, கேக்குதா?"

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். "சீனு வந்துட்டானா? எங்க? வாசல்லயா?"

இல்லைம்மா, கம்ப்யூட்டர் என்றேன். "முன்ன ஒருக்கா கேட்டாப்ல இருந்துச்சு, காத்துன்னு நெனச்சேன். இன்னொருக்கா போடு" என்றாள். போட்டேன். இன்னொரு முறை என்றாள். கோப்பு இருக்கிறதா, இருக்கிறதா என்று ஏழெட்டு முறை கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் இருக்கிறது என்றது.

அம்மாவின் முந்தானையைப் பிடித்து, புதன்கிழமை கத்தினதற்கு மன்னிச்சுக்கோ என்றேன். "போடி" என்றாள்.

ஜூன் 27, சனி

இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அதை அது தேடுகிற இடத்துக்குத் தூக்கிப்போய் வைக்கலாமா? அம்மாவும் அதைத்தான் சொன்னாள். எனக்குப் பயம். ஒன்றை இடம் மாற்றித்தான் இத்தனை பாடு. எங்கள் வீட்டுச் சட்டப்படி சாமானை நகர்த்தாதே, ஆளிடம் சொல். கம்ப்யூட்டரிடம் எப்படிச் சொல்வது?

ரூபாவுக்குப் போன் செய்தேன். "ஏய், கம்ப்யூட்டர் கிளாஸ்ல நாம எல்லாம் போட்டு முடிச்சப்புறம் சார் வந்து ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் கடைசியா ஒரே ஒரு வார்த்தை அடிச்சிட்டுப் போவாரே, அத அடிச்சியா?" என்றாள்.

அடிக்கவில்லை. எப்போதும் அவரே அடித்துவிடுவார். அது எதற்கென்று நாங்கள் கேட்டதுமில்லை. எல்டி கான்ஃபிக் என்பதுதான் அந்த வார்த்தை. பொதுக்கோப்புகள் எந்தெந்தத் தட்டில் இருக்கின்றன என்று பட்டியலைப் புதிதாகப் போட்டுக்கொள் என்று அர்த்தமாம்.

பதினொன்றரைக்கு அடித்தேன். எதுவும் நடக்கவில்லை. நடக்காது என்று ரூபா சொல்லியிருந்தாள். தொரையை எழுப்பும் கட்டளையை அடித்து, தமிழில் என் பெயரைக் கொடுத்தேன்.

"தாட்ச்சாயணீ" என்றது.

சத்தம் போட்டுச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் பேசவைக்கச் சொன்னாள். அவள் பெயரை அடித்தேன். "வெங்கட்டம்மா" என்று இழுத்தது.

"தொரைக்குத் தமிழ் வந்துட்ச்சி" என்றாள். "ஆனா சளி புட்ச்சிக்கினு கீது."

ஜூலை 4

ஒரு வாரமாகத் தினமும் பத்து முறை அணைத்துப் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் பேசுகிறது. ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கிறது. இது நிஜமாகவே சரியாகிவிட்டதா, அல்லது அங்கே போய் மேடம் முன்னால் வாயை மூடிக்கொள்ளுமா?

ஜூலை 5, ஞாயிறு

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நைனா பெட்டியை ஏற்றி, கூடவே ஏறிக்கொண்டார். திருச்சானூரில் விட்டுவிட்டுத் திரும்புவார். அம்மா கீழே நின்றாள். ஜன்னல் வழியாக என் கையை இழுத்தாள். பஸ் உறுமிக்கொண்டிருந்ததால் பேசினால் கேட்காது. உள்ளங்கையில் விரலால் கீறினாள்.

ஒரு குச்சி. பொட்டு வைத்த சின்னக் குச்சி. வயிறு தள்ளின குச்சி.

அவளுக்குத் தெரிந்த எழுத்துகள் அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தமென்றும் தெரியாது. பஸ் நகர்ந்தது. ரேணிகுண்டா ரோடு வரும் வரைக்கும் நான் கையைத் திறக்கவில்லை.

ஜூலை 6

பேசியது. நானும் பேசினேன். பதினேழு புக்கிங். ஒன்றில் தேதி தப்பு. மேடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 13, திங்கள்

சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம், இன்று காலை வரை காக்கவைத்தார். "ரிஜிஸ்டர்ல உன் பேரு எழுதிட்டேன்மா. ரூம் இங்கயே. உன் டேபிள்ல யாரும் கைவைக்கக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு" என்றார் பிரேமலதா மேடம். நான் கேட்டது அது ஒன்றுதான்.

லாட்ஜின் பின்பக்கம் ஓர் அறை. கட்டில், வாளி, தட்டுகள் வைத்த ஓர் அலமாரி. ஊசியை இரண்டாம் தட்டில் வைக்கிறேன். மறுநாள் கைவைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கிறது. சீப்பும் அப்படியே. சொம்பும் அப்படியே. எட்டு நாளாக ஒரு சாமான்கூட ஒரு விரற்கடை நகரவில்லை. நகர்த்த ஆளில்லை. இதற்குத்தானே அவ்வளவு கத்தினேன்?

வேலை கிடைத்ததைச் சொல்ல அம்மாவுக்குப் போன் செய்தேன். நைனாவிடம் கத்திச் சொன்னாள், தெருவுக்கே கேட்டிருக்கும். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"உன் சாமான் எதையும் நான் நவுத்தல தாட்சா. பழைய பேப்பரு, பழைய செருப்பு, எல்லாம் வெச்ச எடத்துலியே கீது. பெருக்கக்கூட இல்ல. நீ வந்து கை வெச்சா இருக்கணும் இல்ல?"

"தூசி அடையும்மா. எடுத்துப் பெருக்கு."

"அடையட்டும்" என்றாள்.